தலைமாட்டில் மலை, கால்மாட்டில் கடல்: நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என்ன?

எங்கள் கடற்கரையில் மலை கிடையாது. தொண்டி, தேவிபட்டினம், ஆற்றங்கரை, மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று ராமநாதபுரம் மாவட்டத்தின் கரை சுமார் 237 கிலோமீட்டர் நீளம். முழுக்க நடந்தாலும் மூச்சு வாங்க ஏறுகிற இடம் ஒன்று வராது. ராமேசுவரத்தில் ஒரு மேட்டைக் கந்தமாதன பர்வதம் என்கிறோம். தீவில் அதைவிட உயரமான இடம் இல்லாததால் அந்த மேட்டுக்கே பர்வதம் என்ற பட்டம். இப்படி ஒரு சமவெளியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம், ‘உங்கள் ஊர்க் கண்மாய்த் தண்ணீர் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் பிறக்கிறது’ என்று சொன்னால் விழிக்கத்தான் செய்வார்கள். நானும் சின்ன வயதில் அப்படித்தான் விழித்தேன்.

அந்தப் பள்ளத்தாக்கு வருசநாடு. தேனி மாவட்டத்தின் தெற்கு மூலையில் இருக்கிறது. வைகை அங்கேதான் பிறக்கிறது. பிறந்த இடத்திலிருந்து எங்கள் கடற்கரை வரை ஆற்றின் நீளம் சுமார் 258 கிலோமீட்டர். ஆற்றைப் படுத்திருக்கும் ஓர் ஆளாக நினைத்துக்கொண்டால் தலைமாட்டில் வருசநாட்டு மலை, கால்மாட்டில் நாங்கள். தலைமாட்டில் நடப்பது கால்மாட்டுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதைப் புரியவைக்கிற சொல்தான் நீர்ப்பிடிப்புப் பகுதி. செய்தித்தாளில் மழைக்காலம் முழுக்க இந்தச் சொல் வரும். படித்துவிட்டுக் கடந்துவிடுவோம். இன்று கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கூரையின் உச்சியில் இரண்டு சரிவும் சேருகிற கோடு முகடு. முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த மழை வாசலுக்கு வரும், அந்தப் பக்கம் விழுந்தது கொல்லைக்குப் போகும். ஒரே துளி இரண்டு பக்கமும் போக முடியாது. இரண்டு கூரைகள் ஒன்றோடொன்று முட்டுகிற இடத்தில் ஒரு பள்ளம் விழும். அதைக் கூடல்வாய் என்பார்கள். இரு கூரையிலும் விழுந்த தண்ணீர் மொத்தமும் கூடல்வாயில் இறங்கி, தகரத்தின் வழியே ஒரே தாரையாகக் கொட்டும். அந்தத் தாரையின் அடியில்தான் அண்டாவை வைப்போம்.

மலையிலும் இதே கணக்குதான். மலையின் உச்சிக்கோட்டுக்கும் தமிழில் முகடு என்றுதான் பெயர். இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்கு ஒரு கூடல்வாய். அதில் இறங்கும் தாரை ஆறு. எந்தெந்தச் சரிவில் விழும் மழை ஒரே ஆற்றில் வந்து சேர்கிறதோ, அந்தச் சரிவுகள் எல்லாம் சேர்ந்து அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி. அண்டா நிறைவது அண்டாவின் அளவைப் பொறுத்தது மட்டும் இல்லை, கூரையின் பரப்பையும் அதன் நிலைமையையும் பொறுத்தது. ஓடு உடைந்து கிடந்தால் தாரை சிறுக்கும், மண்ணும் குப்பையுமாக வரும்.

கூரையில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று கணக்குப் போட ஓர் எளிய வழி உண்டு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். ஒரு ஹெக்டேரில், அதாவது சுமார் இரண்டரை ஏக்கரில், 10 மில்லிமீட்டர் பெய்தால் 1 லட்சம் லிட்டர். வைகையின் வடிநிலம், அதாவது அதன் முழு நீர்ப்பிடிப்புப் பகுதி, மொத்தம் 7,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஒரு சதுர கிலோமீட்டர் என்பது 100 ஹெக்டேர். பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு சாதாரண மழை நாளில்கூட மலையில் விழுவது சின்ன அளவு இல்லை. அதில் எவ்வளவு உடனே ஓடிப்போகிறது, எவ்வளவு மண்ணுக்குள் இறங்கி மெதுவாக வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வருசநாட்டுப் பள்ளத்தாக்கின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேற்கே மேகமலைத் தொடர், கிழக்கே ஆண்டிபட்டி மலைகள். நடுவில் தெற்கிலிருந்து வடக்காக நீண்டு கிடக்கும் பள்ளம். அதில் ஓடும் ஆற்றை அங்கே மூல வைகை என்கிறார்கள். வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு என்று ஊர்கள் அதன் கரையை ஒட்டியே இருக்கின்றன. கிழக்கே கடலுக்குப் போக வேண்டிய ஆறு முதலில் வடக்கே ஓடுகிறது. மலை விட்ட வழியில்தானே அது போக முடியும்? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சுருளியாறு, முல்லையாற்றுத் தண்ணீரும் வந்து சேர்ந்த பிறகு, ஆண்டிபட்டி பக்கத்தில் வைகை அணை. அணையைத் தாண்டிய பிறகு கிழக்கு நோக்கித் திரும்பி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி வழியாக எங்களிடம் வருகிறது.

முதன்முதலாக அந்தப் பக்கம் போனபோது நான் எதிர்பார்த்தது பச்சைப் பசேல் காடு. பள்ளத்தாக்கின் தரை அப்படி இல்லை. முருங்கையும் தென்னையும் இலவ மரங்களுமாக, பல இடங்களில் எங்கள் ஊர் போலவே காய்ந்து கிடந்தது. ஆற்றில் மணலும் பாறையும்தான். வெடித்த இலவங்காயிலிருந்து பஞ்சு பறந்து முள்வேலியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் தலையைத் தூக்கிப் பார்த்தால் மேற்கு முகட்டில் மேகம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் மேலே இருக்கிறது, மேலே இருப்பதைக் காடு பிடித்து வைத்திருக்கிறது என்பது அங்கே நின்றபோதுதான் மண்டையில் ஏறியது.

காடு தண்ணீரைப் பிடித்து வைப்பது எப்படி? வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம். கண்மாய் மண்ணை இரண்டு குவியலாகக் கொட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இன்னொன்றின் மேல் காய்ந்த சருகையும் வைக்கோலையும் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். இரண்டின் மேலும் பூவாளியால் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். வெறும் குவியலில் துளி விழுந்த இடமெல்லாம் சின்னக் குழி விழும், மண் கரையும், கோடு கோடாக வாய்க்கால் அறுக்கும், அடியில் உடனே குழம்பு போலத் தண்ணீர் தேங்கும். சருகு போட்ட குவியலில் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அப்புறம் அடியிலிருந்து தெளிந்த தண்ணீர் கசியும். ஊற்றுவதை நிறுத்திய பிறகும் கசிந்துகொண்டே இருக்கும்.

மேற்குத்தொடர்ச்சி மலையின் உயரமான மடிப்புகளில் இருக்கும் சோலைக்காடு இந்த இரண்டாவது குவியல். மேலே அடர்ந்த இலைக்கூரை மழையின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. தரையில் பல வருடச் சருகு மெத்தை. அதற்கடியில் வேர்ப்பின்னல், மண்புழுவும் கறையானும் துளைத்த மண். சோலையைச் சுற்றியிருக்கும் புல்வெளிகளும் இதே வேலையைச் செய்கின்றன. மழை நின்று பல நாள் ஆன பிறகும் ஓடையில் நீர் ஓடுவது இதனால்தான். காடு இருந்தால் மழை கூடும் என்று மேடையில் சொல்வார்கள். அது இடத்துக்கு இடம் மாறும், சிக்கலான கணக்கு. பெய்த மழையைக் காடு தாமதப்படுத்தும், வடிகட்டும், மண்ணைப் பிடித்து வைக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். கடைமடையில், அதாவது பாசனத்தின் கடைசி முனையில், இருக்கும் எனக்கு அந்த மூன்றும் போதும்.

தாமதம் ஏன் முக்கியம் என்றால், ஒரே நாளில் பாய்ந்து வரும் வெள்ளத்தை எங்களால் சேர்த்து வைக்க முடியாது. ராமநாதபுரத்தில் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. அந்த மூன்று மாதங்களில் பிடித்துவைத்தால்தான் உண்டு. மண் ஏன் முக்கியம் என்றால், மலையில் அரித்த மண் வந்து படிகிற முதல் இடம் வைகை அணை. 1959-ல் திறந்த அணை. 71 அடி வரை நீர் தேக்கலாம். ஆனால் அடியில் வண்டல் படியப் படிய, 71 அடி என்று அளவுகோல் காட்டினாலும் உள்ளே இருக்கும் தண்ணீர் முன்னைவிடக் குறைவுதான். பாத்திரத்தின் விளிம்பு மாறவில்லை, அடிப்பாகம் மேலே ஏறிவிட்டது.

எங்கள் பக்கம் நவம்பர் மாதத்தில் டீக்கடையில் அடிபடும் எண்கள் மூன்று: 66, 68.5, 69. அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. எச்சரிக்கை என்றுதான் பெயர், கேட்கிற எங்களுக்கு அது நல்ல சேதி. வைகையின் பழைய பாசன நிலங்களைப் பூர்வீகப் பாசனம் என்று சொல்லி மூன்று பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். கடைசிப் பகுதி பார்த்திபனூர் மதகணையில் தொடங்கி ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிகிறது. ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை மூன்றும் 7:3:2 என்ற விகிதத்தில் பங்கிட்டுக்கொள்கின்றன. தூரத்தில் இருப்பவனுக்குப் பங்கு பெரிது, ஆனால் வந்து சேர்வது கடைசியில். வழியில் ஆற்றுமணல் குடிப்பதையும் வெயில் குடிப்பதையும் கழித்தது போகத்தான் எங்களுக்கு.

வைகை கடலில் கலக்காது என்று ஒரு பழைய பேச்சு உண்டு. கடல் சிவபெருமானுக்கு நஞ்சைக் கொடுத்தது, அந்தக் கோபத்தில் வைகை கடலைத் தொடுவதில்லை என்பார்கள். என் அப்பத்தா இதைக் கதையாகச் சொல்லாமல் நடந்த சங்கதியாகவே சொல்வார். ஆறு பெரிய கண்மாயில் போய் அடங்கிவிடுகிறது, அது நிறைந்து வழிந்தால், அதாவது மறுகால் பாய்ந்தால் மட்டும் மிச்சத் தண்ணீர் கடலுக்குப் போகிறது. போய்ச் சேருகிற இடத்தில் இருக்கும் ஊரின் பெயர்தான் ஆற்றங்கரை. கடலோரத்தில் நின்றுகொண்டு ஆற்றின் பெயரை வைத்திருக்கிற ஊர். பக்கத்திலேயே அழகன்குளம். அங்கே 1986-ல் தொடங்கிய அகழாய்வுகளில் ரோமானிய நாணயங்களும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே கப்பல்கள் இந்த முகத்துவாரத்தைத் தேடி வந்திருக்கின்றன.

மலையைப் பற்றிய அக்கறையும் எங்கள் பக்கத்துக்குப் புதியது இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானியாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்த முத்திருளப்ப பிள்ளை, மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று ஆராய்ந்தார். செலவு தாங்காது என்று கைவிட வேண்டியதாயிற்று. நூறு வருடம் கழித்து, 1895-ல், பென்னிகுயிக் அந்த வேலையை முடித்தார். கூரை உதாரணத்தை இங்கே மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். முகட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்த மழையை, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் கொண்டுவந்ததுதான் பெரியாறு திட்டம். வைகை தனக்குச் சொந்தமில்லாத ஒரு கூரையின் தண்ணீரையும் சேர்த்துச் சுமக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். சமவெளியின் கடைக்கோடியில், கடலோரச் சீமையில் இருந்த ஒருவர் முதலில் இதை யோசித்தார் என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. கடைமடைக்காரனுக்குத்தான் தலைமடை நினைவிலேயே இருக்கும்.

வருசநாட்டு மலைக்காடு வெகுகாலம் கண்டமனூர் ஜமீனில் இருந்தது. இங்கே ராமநாதபுரம் சமஸ்தானம், அங்கே கண்டமனூர் ஜமீன். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. தனியார் கையில் இருந்த காடுகள் கண்மண் தெரியாமல் வெட்டப்படுவதைத் தடுக்க 1949-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. மேகமலையின் மேல்மட்டத்தில் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. கீழே சரிவுகளில் ஆட்கள் குடியேறி விவசாயம் செய்தார்கள். இவர்களுக்கெல்லாம் முன்பே பளியர்கள் அந்தக் காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்திருக்கிறார்கள்.

இன்று அந்த மலையைக் காக்கும் ஏற்பாடுகள் பல அடுக்காக இருக்கின்றன. புதிதாகப் படிப்பவர்களுக்குப் பெயர்கள் குழப்பும், அதனால் சுருக்கமாக: காப்புக்காடு என்பது வனச்சட்டத்தின் கீழ் அரசு ஒதுக்கிய காடு. அங்கே மரம் வெட்டவோ உழவோ கூடாது. வனவிலங்கு சரணாலயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது, கட்டுப்பாடு இன்னும் கூடுதல். புலிகள் காப்பகத்தில் இரண்டு வட்டம் உண்டு. உள்வட்டம் விலங்குகளுக்கே, வெளிவட்டத்தில் மனிதரும் காடும் ஒத்துவாழ வேண்டும். மேகமலை சரணாலயத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும் சேர்த்து 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். தமிழ்நாட்டில் இது ஐந்தாவது. புலி இருந்தால் மான் இருக்க வேண்டும், மான் இருந்தால் புல் இருக்க வேண்டும், புல் இருந்தால் மண் கரையாது. புலிக்காக ஒதுக்கிய இடம் அப்படியே வைகைக்கும் ஒதுக்கிய இடமாகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்கு மனம் ஒப்பாது. காடு வேண்டும் என்று நாம் சொல்லும்போது, அந்தக் காட்டுக்குள் வீடு வைத்திருப்பவர்களின் வாழ்க்கையைத் தொடுகிறோம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டை நம்பி வாழும் பழங்குடியினருக்கு நில உரிமை கேட்க வழி செய்கிறது. மற்றவர்கள் என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். சரிவில் முந்திரியும் இலவமும் வைத்துப் பிழைப்பவரிடம் ‘எங்களுக்குத் தண்ணீர் வேண்டும், நீங்கள் எழுந்து போங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. சரிவை உழாமல் மரப்பயிர் வைப்பவரும், மண்ணை அணைக்க வரப்பு கட்டுபவரும், எனக்கான வேலையையும் சேர்த்தே செய்கிறார்கள். அந்த வேலைக்குக் கூலியோ மரியாதையோ கடைமடையிலிருந்து இதுவரை போனதில்லை.

அப்புறம், நாங்கள் எங்கள் பங்கைச் செய்தோமா என்றும் கேட்க வேண்டும். கண்மாய்க்கும் நீர்ப்பிடிப்பு உண்டு. சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் விழும் மழையும், மேல் கண்மாயின் மறுகாலும் வரத்துக்கால் வழியாக உள்ளே வரும். ஒன்று நிறைந்து அடுத்தது, அது நிறைந்து அதற்கடுத்தது என்று கண்மாய்கள் சங்கிலியாகக் கோத்தவை. நடுவில் ஒரு வரத்துக்காலை அடைத்து ஒருவர் சுவர் எழுப்பினால் அதற்குக் கீழே இருக்கும் அத்தனை ஊரும் காயும். ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்பார்கள். நாரையால் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளம், நாற்பத்தெட்டு மடை. கடலை ஒட்டிய வறண்ட பூமியில் மண்ணால் கரை போட்டு இப்படி ஒன்றைக் கட்டினார்கள்.

பழைய கண்மாய் ஒன்றில் தண்ணீர் வற்றியிருக்கும்போது குமிழித் தூம்பைப் போய்ப் பாருங்கள். கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்கு நடுவே, அடியில், ஒரு கல்தொட்டி. அதன் மேல்மூடியில் ஒரு துளை, அதுதான் நீரோடி. தரையை ஒட்டிப் பக்கத்தில் சின்னத் துளைகள், அவை சேறோடி. மூடியைத் தூக்கியதும் தண்ணீர் மேல்துளையில் சுழன்று இறங்கும். அந்த இழுப்பில் அடியில் படிந்த சேறும் சின்னத் துளைகள் வழியாக உறிஞ்சப்பட்டு வயலுக்குப் போகும். கண்மாய் தானே தன் வண்டலைக் கழித்துக்கொள்ளும், வயலுக்கு உரமும் ஆகும். மூடியைத் தூக்க ஓர் ஆள் மூச்சடக்கி முங்க வேண்டும். மேட்டிலிருந்து மண் வரும், வந்தே தீரும் என்று தெரிந்து கட்டியவர்கள் அவர்கள். நான் பார்த்த தூம்பில் சேறோடித் துளைகள் இறுகி அடைத்திருந்தன, தொட்டியைச் சுற்றிச் சீமைக்கருவேலம் முளைத்து ஆளுயரம் நின்றது.

கண்மாய்களில் சிலவற்றுக்கு இப்போது பறவைகள் மூலமாகப் பாதுகாப்பு வந்திருக்கிறது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் இரண்டும் 2025-ல் சேர்ந்தன. நான்குமே எங்கள் மாவட்டத்துக் கண்மாய்கள்தான். நீர் நின்றால்தான் கூழைக்கடாவும் நாரையும் கருவேல மரத்தில் கூடு கட்டும். இங்கே நீர் நிற்க அங்கே மலையில் சருகு நிற்க வேண்டும்.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: தேனியிலிருந்தோ ஆண்டிபட்டியிலிருந்தோ கடமலைக்குண்டு வழியாக வருசநாட்டுக்குப் பேருந்து உண்டு. மேகமலைக்கு வழி வேறு, சின்னமனூரிலிருந்து ஏற வேண்டும். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி தேவை. மழை பெய்த மறுநாள் போனால் நல்லது. மூல வைகைப் பாலத்தில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். காட்டுக்குள்ளிருந்து நேராக வரும் சின்ன ஓடை ஒன்றின் நிறத்தையும் பாருங்கள். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புங்கள். அணை திறந்து, பார்த்திபனூர் தாண்டி, பெரிய கண்மாயின் கலுங்கில் மறுகால் விழும் வருடம் வந்தால், ஆற்றங்கரை முகத்துவாரத்துக்கு ஒரு காலையில் போய் நில்லுங்கள். கடலின் பச்சைக்குள் செம்பழுப்பாக ஒரு நாக்கு நீண்டிருக்கும். வலை இழுத்துக் கரையேறுகிறவர்கள் அதைப் பார்த்து ‘ஆத்துத் தண்ணி வந்திருச்சு’ என்பார்கள்.